பிக்கப் வண்டியின் கிளச்சுக் குழாயை மாற்றுதல்

விளைச்சல் வீடு வந்து சேரும் சமயத்திலேயே வண்டியும் பழுதாவது குடியானவர்கள் அறிந்த விஷயம். கத்தரியும் வெண்டையும் மூட்டை கட்டி ஏற்றியாயிற்று. விடியற்காலம் 3 மணிக்குக் கிளச்சை மிதித்தால் பெடல் தரையோடு படிந்துவிடுகிறது. கியர் விழாமல் கரகரவென்று அரைக்கிறது. அன்றையச் சந்தை போயிற்று. பட்டறைக்காரர் கிளச்சுத் தட்டு தேய்ந்ததென்று கூறிக் கியர் பெட்டியை இறக்கச் சொல்வார். அதற்கு இசையுமுன் ஒரு சாண் நீளமுள்ள ரப்பர்க் குழாயைப் பார்த்துவிடுதல் நலம்.

1980, 1990-ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் பெடலுக்கும் கிளச்சுக்கும் இடையே வேலை செய்வது பிரேக் ஆயில். பெடலை மிதிக்கையில் மேலேயுள்ள மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அது இரும்புக் குழாயிலும், பின் ரப்பர்க் குழாயிலும் சென்று, கியர் பெட்டியின் பக்கத்திலுள்ள ஸ்லேவ் சிலிண்டரை நகர்த்தும். இஞ்சின் ஆடுவதால் கடைசிப் பகுதி மட்டும் ரப்பராக அமைந்திருக்கிறது. உஷ்ணத்தாலும் வயதாலும் அது கெடக்கூடும்.

நோயை அறிவது கடினமன்று. இஞ்சின் இரைந்தும் வண்டி இழுக்காவிடில் பெரும்பாலும் தட்டு தேய்ந்திருக்கும். கியரே விழாமல், இரண்டு மூன்று முறை மிதித்தபின் விழுமாயின் ஆயில் ஒழுகுகிறது அல்லது காற்றுப் புகுந்திருக்கிறது. ஆயில் கிண்ணத்தின் மட்டத்தையும், குழாயின் இரு முனைகளையும், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையையும் பார்க்க வேண்டும். ஒருவர் மிதிக்கையில் குழாய் பருத்தாலும் அது உதவாது. உட்புறம் வீங்கி அடைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது காலை எடுத்தபின்னும் கிளச்சு பிடிக்காது. சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பெட்டிக்கு முன்னுள்ள கூட்டினுள்ளேயே இருக்கும். அக்கூட்டின் அடியில் பிரேக் ஆயில் சொட்டினால் பெட்டியை இறக்கத்தான் வேண்டும்.

குழாயை மாற்றுமுன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியைத் தாங்குகால்களில் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது உயிருக்கு அபாயம். இணைப்புகளின் மண்ணைத் துடைத்து, துருவிளக்கும் எண்ணெயை முதல்நாளே விடுவது உத்தமம். சாதாரண ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். குழாய் நுழையப் பிளவுள்ள வளைய ஸ்பேனரே ஏற்றது. ஒரு ஸ்பேனரால் ரப்பர்க் குழாயின் தலையைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் நட்டைத் திருக வேண்டும். இவ்விஷயத்தில் அவசரப்பட்டு இரும்புக் குழாயை முறுக்கி ஒடித்தவர் அநேகர். புதுக் குழாயைக் கையாலேயே மரையேற்றி, முறுக்கின்றியும் புகைக்குழாயைத் தொடாமலும் பூட்டுக. செம்பு வாஷர் இருந்தால் புதிதே போடுக. டீசல் குழாயை வெட்டிக் கிளிப் போட்டு இறுக்குவது கூடவே கூடாது. சதுர அங்குலத்துக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு அழுத்தத்தை அது தாங்காது.

ஆயில் விஷயத்தில்தான் நஷ்டம் அதிகம். மூடியில் குறித்துள்ள டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலையே ஊற்ற வேண்டும். கையில் அகப்பட்ட இஞ்சின் ஆயிலைச் சிறிது ஊற்றினாலும் உள்ளிருக்கும் ரப்பர்கள் வீங்கி, மேல் கீழ் இரண்டு சிலிண்டர்களும் பாழாகும். டப்பியைத் திறந்துவைத்தால் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே சென்ற வருஷத்து மிச்சம் வேண்டாம். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுக. அது விஷம், குழந்தைகளுக்கும் கன்றுகாலிகளுக்கும் எட்டாதபடி வைக்க வேண்டும்.

பின்பு காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரின் காற்றுத் திருகில் சிறு குழாயை மாட்டி, மறுமுனையைப் புது ஆயிலுள்ள பாட்டிலில் முழுகவைத்து, ஒருவர் மிதித்து நிறுத்த, மற்றவர் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடியபின்பே காலை எடுக்கலாம். பெடல் தானே எழாவிடில் கையால் தூக்கலாம். குமிழி நிற்கும்வரை இவ்வாறு செய்து, மேல் கிண்ணம் வற்றாமல் பார்த்துக்கொள்ளுதல் அவசியம். வற்றினால் முதலிலிருந்து தொடங்க நேரும்.

வாடகை வண்டி எளிதில் கிடைக்காத ஊர்களில் கிராம அதிகாரிகள் இதை வண்டி வைத்திருப்போருக்குப் படித்துக் காட்டலாம். வேலை முடிந்தபின் இஞ்சினை ஓடவிட்டு ரிவர்ஸ் கியர் போடுக; அரையாமல் விழ வேண்டும். ஓரிரவு நிறுத்திவைத்து, காலையில் இணைப்புகளைத் துணியால் துடைத்து ஈரமிருக்கிறதா என்று பார்த்து, கிண்ணத்தில் மட்டம் குறையாதிருந்தால் பாரம் ஏற்றலாம்.