பாஸ்கலும் டயர் காற்றும்

'ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்' விரிவில் வரும் 1, 2, 1 பாஸ்கல் முக்கோணத்தின் ஒரு வரி. இந்தியாவும் சீனாவும் முன்பே அறிந்த முக்கோணம்தான். பெயர் மட்டும் பிரெஞ்சுக்காரரான பாஸ்கலுக்குப் போய்விட்டது!

என் மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அவருடைய பாதரசக் கதையை. 1648 செப்டம்பர் 19. பாஸ்கலின் அக்கா கணவர் பெரியே, ஒரு பாதரசக் குழாயை கிளெர்மோன் மடத்துத் தோட்டத்தில் ஒரு துறவியின் காவலில் விட்டார். இன்னொன்றுடன் புய் தெ தோம் மலையேறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. கீழே இருந்ததோ நாள் முழுக்க அசையவில்லை. பாதரசத்தைத் தாங்கி நிறுத்தும் காற்றின் பாரம் மேலே போகப்போகக் குறைகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி வேண்டுமா?

டயர் மீட்டர் வெளிக்காற்றின் இந்தப் பாரத்தைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். அது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு என்றால், உள்ளே உண்மையில் ஏறக்குறைய 45. பஞ்சரான டயரிலும் 15 இருக்கிறது. மீட்டர் பூஜ்யம் என்கிறது.