ஊராரும் நிபுணரும்

“வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும்” என்பது பழமொழி. ஆனால் அணையை எங்கே கோலுவதென்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? கணக்கறிந்த நிபுணரா, வெள்ளத்தில் வீட்டை இழக்கும் ஊராரா? இங்கிலாந்தில், யார்க்ஷயர் பிரதேசத்திலுள்ள பிக்கரிங் என்னும் சிறு நகரம் இக்கேள்விக்கு அளித்த விடை, பொது வாழ்வில் ஈடுபட்டோர் அனைவரும் சிந்திக்கத் தக்கதாகும்.

1999, 2000, 2002, 2007 ஆகிய ஆண்டுகளில் அந்நகரம் வெள்ளத்தால் துன்புற்றது. தடுப்புச் சுவர் எழுப்பும் திட்டமொன்று வகுக்கப்பட்டது. செலவுக்குத் தக்க பலனில்லை என்று சர்க்கார்க் கணக்கு கூறிவிடவே, அது நின்றுபோயிற்று. நிபுணர்களிடம் ஜனங்களுக்கிருந்த நம்பிக்கையும் குன்றியது.

இந்நிலையில், 2007-ல் ஸ்டூவர்ட் லேன், ஸாரா வாட்மோர் முதலிய சர்வகலாசாலை அறிஞர்கள் ஊரார் சிலருடன் ஒரே குழுவாக அமர்ந்தனர். ஆயத்தமான முடிவு எதையும் அவர்கள் கொண்டுவரவில்லை. ஊரார் புகைப்படங்களையும் அநுபவங்களையும் முன்வைத்தனர். மேட்டு நிலத்திலேயே ஆங்காங்கே சிறு கரைகளிட்டு நீரைத் தாமதப்படுத்தலாம் என்ற யோசனை வலுப்பெற்றது. வழக்கிலிருந்த கம்ப்யூட்டர் கணக்குகள் அதைச் சோதிக்க உதவாமையால், மழைக்கேற்ப ஆறு எவ்வாறு பெருகும் என்று காட்டும் புதிய கணித மாதிரியொன்றை அக்குழு உருவாக்கிற்று.

இத்தகைய கூட்டுவேலைக்குக் கணிதம் மட்டும் போதாது. பிறர் சொல்வதைக் கேட்கும் பொறுமை வேண்டும். தம் கணக்கில் எவை ஊகங்கள் என்பதை விளங்கும் மொழியில் மறைக்காது கூறும் நேர்மை வேண்டும். உரத்துப் பேசுவோரிடையே மௌனமாயிருப்போரின் சொல்லையும் சபைக்குக் கொணரும் சாமர்த்தியம் வேண்டும். தாமே கட்டியதைக் கலைத்து மீண்டும் கட்டும் மனமும் வேண்டும். ஊராருக்கும் கடமையுண்டு. தம் யோசனைக்கு எண்கள் மாறாக வந்தால், அதையும் ஏற்க அவர்கள் சித்தமாயிருத்தல் அவசியம்.

இவையனைத்தும் ஒருவரிடமே அமைவது அரிது. ஆகவேதான் அமெரிக்க அறிஞர்களான ரிச்சர்ட்ஸனும் ஆண்டர்ஸனும் 1995-ல் இவ்வேலையை ஐந்தாகப் பகுத்தனர். சபையை நடத்துபவர், மாதிரியைக் கட்டுபவர், கூட்டத்தின் போக்கைக் கவனிப்பவர், குறிப்பெடுப்பவர், சம்பந்தப்பட்டோரில் ஒருவராயிருந்து இருதரப்பையும் இணைப்பவர் என்பதே அப்பகுப்பு.

பிக்கரிங்கில் விளைந்த பலன் என்ன? 2009-ல் தொடங்கிய திட்டத்தின்படி, அப்பிரதேச ஓடைகளில் மரக்கட்டைகளாலான 167 தடுப்புகளும், புதர்க் கட்டுகளாலான 187 சிறு தடுப்புகளும் அமைந்தன. 1,20,000 கனமீட்டர் நீரைத் தாங்கும் தேக்கமும் 2015-ல் முடிவுற்றது. அவ்வாண்டு டிசம்பரில் வட இங்கிலாந்தின் பல ஊர்கள் மூழ்கியபோது பிக்கரிங் தப்பியது. அங்கே மழை அத்தனை கடுமையாயில்லை என்பது மெய்யே. ஆயினும் வெள்ளத்தின் உச்சம் 15 முதல் 20 சதவிகிதம் குறைந்ததென்றும், அதில் ஏறக்குறையப் பாதி மேட்டு நிலத் தடுப்புகளால் நேர்ந்ததென்றும் ஆராய்ந்தோர் மதிப்பிட்டனர்.

ஜனங்களின் நன்மைக்கென்று கூறி, ஜனங்களை வாயிலுக்கு வெளியே நிறுத்திப் போடும் கணக்கு ஏட்டுச் சுரைக்காயே. கணக்கையே அறியாமல் எழுப்பும் கூச்சலும் வெள்ளத்தைத் தடுக்காது. இரண்டும் ஒரே மேஜையில் கூடுமிடத்தில்தான் அணை எழும்.