உண்மையான லினக்ஸ் எது?

பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் பயிலும் தோழியர் தம் பாடநூலில் விண்டோஸ், உபுண்டு என்னும் இரண்டு இயக்க அமைப்புகளைப் பற்றிப் படிக்கின்றனர். இவற்றுள் உபுண்டு லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. வீட்டிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியும் லினக்ஸ்தான் என்று சிலர் கூறுவர். அப்படியானால் மேசைமேல் வைத்து வேலை செய்யும் கணினிக்கு உரிய உண்மையான லினக்ஸ் எது? கணினி அறிந்தோரிடையே இது நெடுநாளைய வழக்கு. அதனை நாமும் சற்று விசாரிப்போம்.

1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது 'கெர்னல்' எனப்படும் கரு மட்டுமே. நினைவகம், வட்டு, விசைப்பலகை ஆகியவற்றை வேலை வாங்குவது அதன் பணி. கருவை மட்டும் வைத்துக்கொண்டு நாம் ஒரு கடிதம்கூட எழுத முடியாது. அதற்கு வேறு பல கருவிகள் வேண்டும். அவற்றுள் பலவற்றை, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தினர் முன்னரே ஆக்கி வைத்திருந்தனர். ஆகவே 'குனூ/லினக்ஸ்' என்றே அழைக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். அசோக் லேலண்ட் தொழிற்சாலையிலிருந்து எஞ்சின் பொருத்திய சேஸிஸ் வருகிறது. கரூரில் அதன்மேல் பாடி கட்டிப் பேருந்து ஆக்குகிறார்கள். அந்த நிறுவனத்தின் சேஸிஸில் லாரியும் உண்டு. இரண்டும் லேலண்டுதான். ஆயினும் குளத்தூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போக லாரியில் ஏறி டிக்கெட் கேட்போமா?

2008இல் விற்பனைக்கு வந்த ஆண்ட்ராய்டு கைபேசியின் நிலையும் இதுவே. கரு லினக்ஸ், மேலே கட்டியது வேறு. உபுண்டுவுக்கென எழுதிய மென்பொருள் அதில் நேராக ஓடாது. 2011இல் வந்த குரோம்புக் மடிக்கணினியின் வழக்கு இன்னும் சிக்கலானது. கரு லினக்ஸ், உருவமும் கணினியே. ஆனால் பெரும்பாலும் இணையத்தை நம்பியே அது வேலை செய்கிறது. அதன் அமைப்பு கூகுள் நிறுவனத்தின் கட்டுக்குள் உள்ளது. எந்த இயக்க அமைப்பு எவ்வளவு பயன்படுகிறது என்று கணக்கிடும் ஸ்டேட்கவுண்டரும் குரோம் ஓஎஸ்ஸை லினக்ஸோடு சேர்க்காமல் தனியே எண்ணுகிறது.

நம் நாட்டிலும் ஒரு வழக்கு உண்டு. சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் 2007இல் 'பாஸ் லினக்ஸ்' என்பதை வெளியிட்டது. தமிழ் முதலிய இந்திய மொழிகளில் பணி செய்ய அதில் வசதி உண்டு. 1993இல் தொடங்கிய டெபியன் என்னும் லினக்ஸின்மேல் அது கட்டப்பட்டது. "டெபியனுக்குப் பெயர் மாற்றியதுதானே?" என்று கேட்போர் உளர். 2004இல் வந்த உபுண்டுவும் டெபியனிலிருந்து பிறந்ததே! எவரும் எடுத்து, மாற்றி, பிறருக்கும் அதே உரிமையோடு வழங்கலாம் என்பதே குனூ பொது உரிமத்தின் சாரம். எனவே வழிவந்தது என்பதால் அது பொய்யாகிவிடாது.

அப்படியானால் உரைகல் எது? மூன்று கேள்விகள் கேட்போம். எழுத்து, கணக்கு, படம், அச்சு ஆகிய மேசை வேலைகள் இணையமின்றியும் நடக்குமா? எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பதை உரியவரே தீர்மானிக்கலாமா? அதன் உள்ளமைப்பைப் படித்து, மாற்றி, தோழிக்கும் நகல் கொடுக்கலாமா? டெபியன், உபுண்டு, பாஸ் மூன்றும் இதில் தேறும். குரோம் ஓஎஸ் பாதி தேறும். ஆண்ட்ராய்டு மேசைக்கென எழுந்ததன்று.

இதனால் நமக்கு என்ன பயன் என்று பெற்றோர் கேட்கலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாறு வழங்கிய கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பழகிய விண்டோஸையே திறந்தவர்கள் மற்றதைத் திறந்தும் பார்த்திருக்க மாட்டார்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்தன. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆதலின் பழுதில்லாத கணினியும் பரணுக்குப் போகிறது. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை இட்டால் அவற்றுள் பல இன்னும் உழைக்கும். கணினியில் பதியாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். பிடித்தால், கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டுப் பதியலாம். காசு செலவில்லை.

இது கைகூடுமா என்ற ஐயம் வேண்டாம். அண்டை மாநிலமான கேரளத்தில் அரசின் 'கைட்' நிறுவனம் உபுண்டுவைத் தழுவி ஆக்கிய லினக்ஸில்தான் பள்ளிப் பிள்ளைகள் கணினி பழகுகின்றனர்.

தோழியரே, பெட்டியின்மேல் ஒட்டிய பெயரைக் கொண்டு உண்மையான லினக்ஸை அறிய முடியாது. அமர்ந்து வேலை செய்பவளைத் தன் கணினிக்குத் தானே எசமானி ஆக்குவது எதுவோ, அதுவே உண்மையானது. அறிந்து தேர்ந்தெடுப்போம், பிறருக்கும் கற்றுக்கொடுப்போம்!