தனி ஆர்கன் சிம்பொனி

தனி ஆர்கன் சிம்பொனி என்பது இசைக்குழுவின் துணையின்றி, குழாய் ஆர்கனில் ஒரே கலைஞர் வாசிப்பதற்கென எழுதப்படும், பல பகுதிகளைக் கொண்ட மேற்கத்திய செவ்வியல் இசைப் படைப்பு ஆகும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சில் உருவான இவ்வடிவம், சார்ல்-மரீ விடோர், லூயி வியேர்ன் ஆகிய இருவரின் பெயர்களாலேயே இன்று பெரிதும் அறியப்படுகிறது. ஆனால் அக்காலத்திலும் அதன் பின்னரும் பிரான்ஸ், சுவீடன், போலந்து, இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் பலர் இவ்வடிவத்தில் எழுதியுள்ளனர். அவற்றுட் சில ஒருமுறை அச்சாகி மறக்கப்பட்டன. சில எழுதியவரின் வாழ்நாளில் முழுமையாக ஒலிக்கவே இல்லை. இவற்றைத் தேடிச் சீர்செய்து ஒலிப்பதிவு செய்யும் பணி 1980-களில் குறுந்தட்டு பரவிய பின்னரே வேகம் பெற்றது.

பெயர் ஒற்றுமையால் குழப்பம் நேர்வதுண்டு. கமீல் சான்-சான்சு 1886-இல் எழுதிய மூன்றாம் சிம்பொனி "ஆர்கன் சிம்பொனி" என்றே அழைக்கப்படுகிறது. எனினும் அது இசைக்குழுவுக்காக எழுதப்பட்டது. அதில் ஆர்கன் ஓர் உறுப்பு மட்டுமே. இக்கட்டுரை அதைப் பற்றியதன்று.

கருவியும் வடிவமும்

இவ்வடிவத்தின் தோற்றத்திற்குக் காரணமானவர் ஓர் இசையமைப்பாளர் அல்லர், ஒரு கருவி செய்வோர் ஆவார். மோம்பெலியேயில் பிறந்த அரிஸ்டீட் கவாயே-கோல் (1811–1899) பாரிசுக்கு அருகிலுள்ள சான்-தெனி தேவாலயத்துக்காக 1841-இல் செய்து முடித்த ஆர்கனில், ஆங்கிலேயரான சார்லஸ் பார்க்கர் வடிவமைத்த காற்று நெம்புகோலைப் பயன்படுத்தினார். அதுவரை ஆர்கனின் கட்டையை அழுத்தும் விரலே, நீண்ட மரக்கம்பிகளின் வழியாகக் குழாயின் அடைப்பைத் திறக்க வேண்டியிருந்தது. பல விசைப்பலகைகளை ஒன்றாக இணைத்து வாசித்தால் கட்டைகள் மிகக் கனமாகிவிடும். பார்க்கரின் முறையில் விரல் ஒரு சிறு அடைப்பை மட்டும் திறக்கிறது. அதன்வழி நுழையும் காற்று ஒரு குட்டித் துருத்தியை உப்பச் செய்ய, எஞ்சிய வேலையை அத்துருத்தியே செய்துவிடுகிறது. முழு ஆர்கனின் ஒலியையும் வைத்துக்கொண்டு பியானோவைப் போல விரைவாக வாசிக்க இதனால் இயன்றது.

இத்துடன், குழாய்களின் ஒரு தொகுதியை மரப்பெட்டிக்குள் அடைத்து, அதன் சன்னல் போன்ற தட்டிகளைக் காலால் திறந்து மூடி ஒலியைப் படிப்படியாகக் கூட்டவும் குறைக்கவும் வகை செய்யப்பட்டது. கவாயே-கோல் 1862-இல் பாரிசின் சான்-சுல்பீசு தேவாலயத்தில் நிறைவு செய்த ஆர்கனில் ஐந்து கை விசைப்பலகைகளும், வெவ்வேறு நாதங்களுக்குரிய 100 இழுப்புக் குமிழ்களும் இருந்தன. இத்தகைய கருவி ஒரு முழு இசைக்குழுவுக்கு ஈடாக நின்றதால், அதற்கென எழுதுவதைச் சிம்பொனி என்று அழைப்பதில் வியப்பில்லை.

சேசர் பிராங்க் 1860-களின் தொடக்கத்தில் எழுதிய "கிராந்து பியேஸ் சிம்பொனிக்" இவ்வடிவத்தின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. பெயரிலேயே சிம்பொனி எனக் கொண்டவற்றை முதலில் ஒரு தொகுப்பாக வெளியிட்டவர் விடோர். இவர் 1870 முதல் 1933 வரை சான்-சுல்பீசு ஆர்கன் கலைஞராகப் பணியாற்றியவர். இவருடைய முதல் நான்கு சிம்பொனிகள் ஓபஸ் 13 என 1872-இல் வெளிவந்தன. மொத்தம் பத்து எழுதினார். 1900 முதல் நோத்ர-தாம் பேராலயத்தில் பணியாற்றிய வியேர்ன் ஆறு எழுதினார். ஐந்தாம் சிம்பொனியின் இறுதியிலுள்ள "தொக்காத்தா" என்ற பகுதியால் விடோரின் பெயர் உலகெங்கும் பரவியது. அதே சிம்பொனியின் ஏனைய நான்கு பகுதிகளைக் கேட்டவர்கள் மிகக் குறைவு என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. ஆக, புறக்கணிப்பு என்பது புகழ்பெற்ற படைப்புகளுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

மறக்கப்பட்ட சிலர்

ஓகுஸ்தான் பாரியே (1883–1915) பார்வையற்றவர். பாரிசிலுள்ள பார்வையற்ற இளைஞருக்கான தேசிய நிறுவனத்தில் பயின்று, பின்னர் சான்-ழெர்மேன்-தே-பிரே தேவாலயத்தில் ஆர்கன் கலைஞரானார். ஐந்து பகுதிகள் கொண்ட இவரது சிம்பொனி (ஓபஸ் 5) வியேர்னின் ஆக்கங்களுக்கு அருகில் வைத்து எண்ணத்தக்கது. மூளையில் ஏற்பட்ட குருதிக்கசிவால் தமது 31-ஆம் அகவையில் இறந்தார். இவர் ஆர்கனுக்கென விட்டுச்சென்றவை அனைத்தும் ஒரே குறுந்தட்டில் அடங்கிவிடும். ஆர்கன் வட்டாரத்திற்கு வெளியே இவர் பெயர் அறியப்படாமைக்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

எல்பிரிடா ஆந்த்ரே (1841–1929) சுவீடன் நாட்டவர். பெண்கள் தேவாலய ஆர்கன் கலைஞராகப் பணிபுரிய அந்நாட்டுச் சட்டம் இடந்தராத காலத்தில், அச்சட்டத்தை மாற்றப் போராடி வென்றவர். தந்திப் பணியிலும் பெண்களுக்கு இடம் பெற்றுத் தந்தவர்களுள் ஒருவர். 1867 முதல் கோத்தன்பர்க் பேராலயத்தின் ஆர்கன் கலைஞராக இருந்த இவர் எழுதிய, பி மைனர் சுருதியிலமைந்த முதல் ஆர்கன் சிம்பொனி நெடுங்காலம் சுவீடனுக்கு வெளியே அரிதாகவே வாசிக்கப்பட்டது.

போலந்தின் பெலிக்ஸ் நோவோவியெய்ஸ்கி (1877–1946) ஓபஸ் 45 என்ற ஒரே எண்ணின் கீழ் ஒன்பது ஆர்கன் சிம்பொனிகளை எழுதினார். வியேர்னிடம் பயின்ற அமெரிக்கரான எட்வர்ட் ஷிப்பன் பார்ன்ஸ் (1887–1958) இரண்டு எழுதினார். பிரான்சில் சார்ல் தூர்னெமிர் 1930-களில் எழுதிய "சிம்பொனி-கொரால்", "சிம்பொனி சாக்ரே" ஆகியவை அவருடைய ஏனைய பெருந்தொகுப்புகளின் நிழலில் மறைந்துபோயின.

புறக்கணிப்பின் காரணங்கள்

தரக்குறைவே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாகாது. 1920-களில் ஜெர்மனியில் வலுப்பெற்ற ஆர்கன் சீர்திருத்த இயக்கம், பாக் காலத்துத் தெளிவான ஒலியையே உயர்ந்ததாகக் கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் செறிந்த ஒலி பழிக்கப்பட்டது. இக்கருத்து பிரான்சிலும் பரவியபோது, பல பழைய ஆர்கன்கள் "திருத்தப்பட்டன்." பாரிசின் துரோக்காதேரோ அரண்மனையில் கவாயே-கோல் 1878-இல் அமைத்த ஆர்கன் 1930-களின் இறுதியில் மாற்றிக் கட்டப்பட்டுப் பின்னர் 1977-இல் லியோன் நகர அரங்கிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. இங்கிலாந்தின் செபீல்டு நகரில் அவர் அமைத்த ஆர்கன் 1937-இல் தீயில் அழிந்தது. ஒரு படைப்பு வேண்டும் ஒலி இல்லாமற் போனால், தாளில் அப்படைப்பு இருந்தும் பயன் குறைவே. பியானோ ஆக்கம் ஒன்றை எந்தப் பியானோவிலும் வாசிக்கலாம். ஆர்கனோ ஒவ்வொன்றும் தனித்தனிக் கருவி.

பதிவுத் தொழில்நுட்பமும் தடையாக இருந்தது. 1925-இல் மின்வழிப் பதிவு வரும்வரை ஆர்கனைப் பதிவது ஏறத்தாழ இயலாத செயலாக இருந்தது. அதன் பின்னரும் 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு அல்லது ஐந்து நிமிடங்களே அடங்கின. விடோர் 1932-இல், தமது 88-ஆம் அகவையில், சான்-சுல்பீசில் தம் தொக்காத்தாவைத் தாமே வாசித்துப் பதிந்தார். முழுச் சிம்பொனியைப் பதிய அன்று வழியில்லை. நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு 1948-இலும், குறுந்தட்டு 1982-இலும் வந்தன.

மூலப்பாட ஆய்வு

மறக்கப்பட்ட ஒரு சிம்பொனியைப் பதிவு செய்யுமுன், எதை வாசிப்பது என்ற கேள்விக்கு விடை காண வேண்டும். இது தோற்றத்தைவிடக் கடினமானது.

விடோர் தம் சிம்பொனிகளை முதுமை வரை திருத்திக்கொண்டே இருந்தார். இரண்டாம் சிம்பொனியில் முதலில் இருந்த "ஸ்கெர்ட்சோ" என்ற பகுதியை நீக்கிவிட்டு, 1901-ஆம் ஆண்டுப் பதிப்பில் "சால்வே ரெஜினா" என்பதைச் சேர்த்தார். எட்டாம் சிம்பொனியில் முன்பு இருந்த ஒரு பகுதியையும் பின்னர் கைவிட்டார். ஆகவே "விடோரின் இரண்டாம் சிம்பொனி" என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட படைப்புகள் உள்ளன எனலாம். இப்பதிப்புகளை ஒப்பிட்டு அமெரிக்க ஆய்வாளர் ஜான் நியர் 1990-களில் வெளியிட்ட செம்பதிப்பு இத்துறையில் ஒரு முன்மாதிரி ஆகும்.

வியேர்னின் சிக்கல் வேறு. ஏறக்குறையப் பார்வையின்றிப் பிறந்த அவர், மிகப் பெரிய எழுத்துகளில் வருந்தி எழுதினார். அச்சுப்படியைச் சரிபார்ப்பது அவருக்கு அரிதாக இருந்தது. இதனால் முதற்பதிப்புகளில் ஏராளமான பிழைகள் புகுந்தன. எது பிழை, எது அவர் வேண்டுமென்றே வைத்த முரண்சுரம் என்று பிரித்தறிவதில் ஆய்வாளர்கள் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். வியேர்னின் இசையே முரண்சுரங்கள் நிறைந்தது என்பதால், பிழையும் இசைபோலவே ஒலிக்கக்கூடும்.

சொராப்ஜியின் இரண்டாம் சிம்பொனி

இப்பணியின் எல்லையைக் காட்டும் சான்று, கைகோஸ்ரு ஷாப்பூர்ஜி சொராப்ஜியின் (1892–1988) ஆர்கன் சிம்பொனிகளாகும். பம்பாயைச் சேர்ந்த பார்சி இனப் பொறியாளருக்கும் ஆங்கிலப் பெண்மணிக்கும் மகனாக இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பிறந்த இவர், லியோன் டட்லி என்ற தம் பெயரை விடுத்துப் பார்சிப் பெயரை ஏற்றவர். 1924-இல் எழுதிய முதல் ஆர்கன் சிம்பொனி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீளும். அது மறு ஆண்டே அச்சானது. ஆயினும் முழுமையாக அரங்கேற 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆங்கில ஆர்கன் கலைஞர் கெவின் பவ்யர் 1988-இல் அதனைப் பிரிஸ்டல் நகரின் செயின்ட் மேரி ரெட்கிளிப் தேவாலயத்தில் பதிவு செய்தார்.

1929 முதல் 1932 வரை எழுதப்பட்ட இரண்டாம் சிம்பொனி இதைப்போல் பலமடங்கு பெரியது. கையெழுத்துப்படி 350 பக்கங்கள் கொண்டது. வாசிக்க எட்டு மணி நேரம் அளவில் ஆகும். இதன் நடுப்பகுதியில் ஒரே கருப்பொருளின்மீது ஏறத்தாழ 50 மாறுபாடுகள் தொடர்ந்து வருகின்றன. சொராப்ஜி 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1976 வரை தம் இசையைப் பிறர் பொதுமேடையில் வாசிப்பதை விரும்பவில்லை. ஆகவே இப்படி வாசிப்பாரின்றிக் கிடந்தது.

இதனை வாசிப்பதற்கு முன் படிக்கத்தக்கதாக ஆக்க வேண்டியிருந்தது. பக்கத்திற்குப் பக்கம் நெருக்கமாக எழுதப்பட்ட கையெழுத்து. ஆயிரக்கணக்கான ஏற்ற இறக்கக் குறிகள். பவ்யர் இம்முழுப்படைப்பையும் சீர்செய்து புதிய பதிப்பாக உருவாக்கினார். பின்னர் ஜூன் 2010-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத் தேவாலயத்தில் இடைவேளைகளுடன் ஒரே நாளில் வாசித்து அரங்கேற்றினார். எழுதி முடித்து 78 ஆண்டுகளும், எழுதியவர் இறந்து 22 ஆண்டுகளும் கழிந்திருந்தன. அரங்கேற்றம் ஒரு நாளில் முடிந்தாலும், பதிப்பு இருக்கும்வரை அடுத்தவர் வாசிக்க வழி உண்டு. அவ்வகையில் பதிப்பே பெரிய பணி எனலாம்.

ஒலிப்பதிவில் எழும் சிக்கல்கள்

ஆர்கனை ஒலிப்பதிவுக்கூடத்திற்குக் கொண்டுவர இயலாது. கருவி இருக்குமிடத்திற்கே செல்ல வேண்டும். நகரத் தேவாலயங்களில் பகலில் வழிபாடும் போக்குவரத்து இரைச்சலும் இருப்பதால், பதிவுகள் பெரும்பாலும் இரவில் நடைபெறுகின்றன.

வெப்பநிலை மற்றொரு தொல்லை. ஆர்கனில் புல்லாங்குழல் போன்று காற்று அதிர்ந்து ஒலிக்கும் குழாய்களும், உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் குழாய்களும் உள்ளன. காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் முதல்வகைக் குழாய்களின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் உயரும் (100 சென்ட் ஓர் அரைச்சுரம்). நாக்குக் குழாய்களின் சுருதியோ மிகக் குறைவாகவே மாறும். எனவே பத்துப் பாகை வேறுபாட்டில் இவ்விரு வகைகளும் அரைச்சுரத்தின் மூன்றிலொரு பங்கு அளவுக்குப் பிரிந்துவிடும். ஆயிரக்கணக்கான முதல்வகைக் குழாய்களைத் தொட இயலாது என்பதால், எண்ணிக்கையில் குறைந்த நாக்குக் குழாய்களை மட்டும் பதிவுக்கு முன் மீண்டும் சுருதி சேர்ப்பர். கோடையில் பதிந்த முதற்பகுதியுடன் குளிர்காலத்தில் பதிந்த இறுதிப்பகுதியை இணைப்பது அரிது என்பதும் இதனால் விளங்கும்.

எதிரொலியும் கவனத்திற்குரியது. பெரிய கற்கட்டடங்களில் ஒரு சுரம் நின்ற பின்னும் பல நொடிகள் ஒலித்துக்கொண்டிருக்கும். பிழை நேர்ந்த இடத்தை மட்டும் மீண்டும் வாசித்து ஒட்டினால், முந்தைய சுரங்களின் எதிரொலி அங்கு இராது. வெட்டியது காதுக்குத் தெரிந்துவிடும். எனவே பிழைக்குச் சில அடிகள் முன்பிருந்தே வாசிக்கத் தொடங்க வேண்டும். ஆர்கனின் மிகத் தாழ்ந்த குழாய்கள் (32 அடி) நொடிக்கு 16 அதிர்வுகள் அளவில் ஒலிப்பவை. அவற்றைச் சிறிய ஒலிபெருக்கிகளில் கேட்கவே முடியாது.

இச்சிக்கல்களுக்கிடையிலும் ஒருவரே ஒரு முழுத்தொகுப்பைப் பதிந்த முயற்சிகள் உள்ளன. டச்சுக் கலைஞர் பென் வான் ஊஸ்டன் விடோர், வியேர்ன் இருவரின் சிம்பொனிகளையும் முழுமையாகப் பதிந்துள்ளார். உரிய கருவிகளைத் தேடிச் செல்வது இத்தகைய பதிவுகளின் சிறப்பாகும். விடோர் தம் ஒன்பதாம் சிம்பொனியான "கோத்திக்"கை மனத்திற்கொண்டு எழுதிய ரூவான் நகரின் சான்-துவான் ஆர்கன் (1890) பெரிதும் மாற்றமின்றி நிலைத்துள்ளதால், பதிவுக் கலைஞர்களால் மிகவும் விரும்பப்படுகிறது. வியேர்னின் கருவியான நோத்ர-தாம் ஆர்கன் ஏப்ரல் 2019 தீவிபத்தில் எரியாமல் தப்பியது. ஆயினும் ஈயத்தூசி படிந்ததால் பகுதி பகுதியாகக் கழற்றித் தூய்மை செய்யப்பட்டு, டிசம்பர் 2024-இல் மீண்டும் ஒலித்தது.

பதிப்புரிமை

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பதிப்புரிமை பொதுவாக ஆசிரியர் இறந்த பின் 70 ஆண்டுகள் நீடிக்கும். 1937-இல் இறந்த விடோர், வியேர்ன் ஆகியோரின் படைப்புகள் 2008 தொடக்கத்திலும், நோவோவியெய்ஸ்கியின் படைப்புகள் 2017 தொடக்கத்திலும் பொதுவுடைமையாயின. பாரியே, ஆந்த்ரே ஆகியோரின் இசைத்தாள்களை இணைய நூலகங்களிலிருந்து எவரும் இலவசமாகப் பெறலாம். சொராப்ஜியின் படைப்புகள் இவ்விதிப்படி 2058-ஆம் ஆண்டின் இறுதி வரை உரிமைக்குட்பட்டவை.