விமானம் வரும், வித்தை வருமா?

மலேசியாவின் யோங் பெங் ஊரைச் சுற்றி எங்கு திரும்பினாலும் செம்பனைத் தோட்டங்கள். அங்கே காய்க்கும் குலைகளுக்கும் போர் விமானத்துக்கும் உறவுண்டு. 2003-இல் மலேசியா ரஷ்யாவிடம் 18 சுகோய்-30எம்கேஎம் விமானங்களை ஏறத்தாழ 90 கோடி டாலருக்கு வாங்கியபோது, விலையில் ஒரு பகுதியைச் செம்பனை எண்ணெயாகக் கொடுக்கப் பேசினார்கள். அதே பேரத்தின் சலுகையில்தான் 2007 அக்டோபரில் மலேசியரான ஷேக் முஸாபர் விண்வெளிக்குப் போனார்.

விண்வெளிப் பயணத்தையே தந்தவர்கள், எஞ்சின் செய்யும் வித்தையை மட்டும் ஏன் எளிதில் தருவதில்லை?

எஞ்சினுக்குள் சுழலும் டர்பைன் பிளேடைப் பாருங்கள். அதன்மீது பாயும் வாயுவின் வெப்பம் அந்த உலோகத்தின் உருகுநிலையையே தாண்டும். உள்ளே மெல்லிய துளைகளில் ஓடும் காற்றுதான் அதைக் காக்கிறது. சாதாரண வார்ப்பில் உலோகம் பல படிகங்களாக உறையும். அவை சேரும் இடங்களில் விரிசல் தொடங்கும். அதனால் முழு பிளேடையும் ஒரே படிகமாக, மெல்ல மெல்லக் குளிரவைத்து வளர்க்கிறார்கள். அந்தப் பக்குவம் வரைபடத்தில் அடங்காது. பல்லாண்டுத் தோல்விகளில் கைவந்தது. என் கணிப்பில், பேரத்தில் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்.

உரிமம் கிடைத்தால் மட்டும் வித்தை வந்துவிடாது. இந்தியா உரிமம் பெற்று சுகோய்-30 விமானத்தை நாசிக்கிலும் அதன் எஞ்சினை கோராபுட்டிலும் தயாரித்தது. ஆனாலும், தன் சொந்தப் போர் விமானமான தேஜஸுக்காக உருவாக்கிய காவேரி எஞ்சின் அதில் ஏறவில்லை. இன்றும் தேஜஸைப் பறக்கவைப்பது அமெரிக்க எஞ்சின்.