ஒரு முடி கோணல்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் பர்லியாறு தாண்டியதும் வெப்பநிலை முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினேன். குன்னூர் போய்ச் சேரவில்லை. சில வளைவுகளுக்குள் பானட்டிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. மறுநாள் மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தது. ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து, கழற்றிய சிலிண்டர் ஹெட்டைச் சாக்கில் சுற்றிக் கையில் கொடுத்தார். "பெண்டு ஆயிருக்குங்க. லேத்துல குடுத்து ஃபேஸிங் போட்டுட்டு வாங்க."

லேத் பட்டறை என்று பெயரே தவிர, ஹெட்டின் முகத்தைச் சீவிச் சமப்படுத்தும் இந்த வேலை நடந்தது மூலையில் நின்ற மில்லிங் மெஷினில். பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர். ஹெட்டைக் கவிழ்த்து, ப்ளாக்கின் மேல் உட்காரும் முகத்தைத் துடைத்து, அதன்மேல் ஓர் எஃகு நேர்கோலை விளிம்பு படிய வைத்தார். ஃபீலர் கேஜின் இதழ்களை ஒவ்வொன்றாக அடியில் செருகிப் பார்த்தார். இரு ஓரங்களிலும் 0.05 மி.மீ. இதழ்கூட நுழையவில்லை. நடுவில் 0.15 மி.மீ. இதழ் தாராளமாகப் போய்வந்தது. என் கண்ணுக்கு அந்த முகம் கண்ணாடி போலத்தான் இருந்தது. தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மி.மீ. இரண்டு முடியை அடுக்கிய அளவு வளைவுக்கா இவ்வளவு செலவு என்று கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, நெருப்பு உள்ள போறதுக்குக் கதவையா தொறந்து வைக்கோணும்?" என்றார்.

மிகையில்லை. 68.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். பழைய மாருதி 800-இன் அளவு அது. பெட்ரோல் எரியும் கணத்தில் அழுத்தம் 50 பார் வரை ஏறினால், ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய 1,900 கிலோ எடைக்குச் சமம். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 முறை இந்த இடி. டீசல் இன்ஜினில் அழுத்தம் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அந்த நெருப்புக்குச் சில மில்லிமீட்டர் தள்ளித் தண்ணீர் ஓடுகிறது; பக்கத்திலேயே ஆயில். மூன்றும் ஒன்றையொன்று பார்க்காமல் காவல் காப்பது, ப்ளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் ஒரு கேஸ்கட். சின்ன மேடுபள்ளங்களை அது நிரப்பிக்கொள்ளும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. கார் ஹெட்டுகளுக்கு நீளவாக்கில் 0.1 மி.மீ., குறுக்குவாக்கில் 0.05 மி.மீ. கோணலைத் தாண்டக் கூடாது என்பது பரவலான கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும்.

ஹெட் ஏன் வளைகிறது? அலுமினியமும் வார்ப்பிரும்பும் சூட்டில் ஒரே மாதிரி விரிவதில்லை. ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அலுமினியம் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது. வார்ப்பிரும்பு சுமார் 11 பங்கு. அலுமினிய ஹெட், இரும்பு ப்ளாக், இரண்டும் 400 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 30 டிகிரியில் இருந்த இன்ஜின் 90 டிகிரிக்குச் சூடேறும்போது ஹெட் 0.55 மி.மீ. நீள்கிறது, ப்ளாக் 0.26 மி.மீ. மட்டுமே. அதாவது நீங்கள் வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் ஹெட், கேஸ்கட்டின் மேல் தலைமுடி நாலு தடிமனுக்கு ஊர்ந்துபோய்த் திரும்பி வருகிறது. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ஊர்தலுக்கு இடம் கொடுத்துத்தான் இன்ஜினை வடிவமைக்கிறார்கள். தண்ணீர் தீர்ந்துபோனால் கதை மாறுகிறது. நீராவி தேங்கும் இடத்தில் உலோகத்தைத் தண்ணீர் தொடுவதில்லை. அங்கே மட்டும் சூடு எகிறுகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்பது பாடப்புத்தகத்தில் உண்டு. ஆனால் 200 டிகிரி தாண்டும்போதே அதன் அலாய்கள் வலுவிழக்கத் தொடங்கிவிடும். சூடேறிய நடுப்பகுதி விரியத் துடிக்கிறது. சுற்றிலும் போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. போக வழியில்லாத உலோகம் தனக்குள்ளேயே நசுங்கி நிரந்தரமாக உருமாறுகிறது. ஆறியபின் பழைய வடிவம் திரும்புவதில்லை. பெரும்பாலும் நடு மேலெழும்பி, பாலம் போல நிற்கும். கொதிக்கும் இன்ஜினில் பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் வளைவோடு விரிசலையும் சேர்த்து வாங்குகிறார்கள். அதனால்தான் நல்ல பட்டறையில் வெட்டுவதற்கு முன் காற்றழுத்தம் கொடுத்து விரிசல் பார்க்கிறார்கள். விரிசல் விட்ட ஹெட்டை அழகாகச் சமப்படுத்தி என்ன பயன்?

சரி, அந்த எஃகு நேர்கோல் நேர் என்பதை யார் சொன்னது? அதைச் சரிபார்த்த தளம் சமம் என்பதை யார் சொன்னது? 1840-இல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் இதற்கான வழியை விளக்கினார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று பொருந்தும்வரை சுரண்டினால் சமம் கிடைத்துவிடாது. ஒன்று குழியாகவும் மற்றது அதே அளவு மேடாகவும் இருந்தாலும் அவை பொருந்திவிடும். மூன்றாவது தகட்டைச் சேர்த்து, எந்த இரண்டை எடுத்தாலும் எல்லா இடத்திலும் பொருந்தும்வரை சுரண்ட வேண்டும். அப்போது மூன்றும் சமமாக இருந்தே தீர வேண்டும். முன்மாதிரி எதுவுமில்லாமல் சமத்தை உண்டாக்கும் தந்திரம் இது. பட்டறைச் சுவரில் துணி சுற்றி மாட்டியிருந்த அந்த நேர்கோல் இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

இனி மில்லிங் மெஷினுக்கு வருவோம். மேசைமேல் ஹெட்டைப் பூட்டுவதிலேயே பாதி வித்தை முடிந்துவிடுகிறது. வளைந்த ஹெட்டைப் பலங்கொண்டு இறுக்கினால் அது மேசையோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும். அப்படியே வெட்டிவிட்டுக் கிளாம்பைத் தளர்த்தினால், வில் நாணை விட்டது போலப் பழைய வளைவுக்குத் திரும்பும். என்னுடைய ஹெட்டின் அடியில் இடைவெளி இருந்த இடங்களிலெல்லாம் பெரியவர் மெல்லிய தகடுகளைச் செருகி, இறுக்கியபின்னும் அதே 0.15 மி.மீ. காட்டுகிறதா என்று மறுபடி பார்த்தார். காட்டியது. தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்து டயல் கேஜை, கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் மாட்டி மேசையைச் சுற்றி வட்டமடிக்க விட்டார். 'ட்ரூ பார்ப்பது' என்பார்கள். ஸ்பிண்டில் மேசைக்குச் செங்குத்தாக நிற்காவிட்டால் கட்டர் சுழலும் வட்டம் சாய்ந்துபோகும். மேசை நகரும் திசையில் சாய்ந்த வட்டம் நேராக வெட்டாது; நடுவில் குழி விழ வாய்க்கால் போலச் செதுக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 250 மி.மீ. விட்டமுள்ள கட்டர், 150 மி.மீ. அகல ஹெட். கட்டரின் முன்னோரத்துக்கும் பின்னோரத்துக்கும் அரை மி.மீ. உயர வித்தியாசம் இருந்தால் நடுவில் விழும் குழி 0.05 மி.மீ. குறுக்குவாக்கில் அனுமதித்த மொத்தக் கோணலும் அதுதான்! எதைச் சரிசெய்ய வந்தோமோ அதையே மெஷின் புதிதாகச் செய்து கொடுத்துவிடும். பளபளப்பாக வேறு இருக்கும். சிலர் வேண்டுமென்றே துளி சாய்வு வைப்பார்கள், கட்டரின் பின்பக்கம் வெட்டிய முகத்தை மறுபடி உரசாமல் இருக்க. 0.02 மி.மீ. சாய்வுக்கு விழும் குழி 2 மைக்ரான்தான், கேஸ்கட் கண்டுகொள்ளாது.

கட்டரின் முனையில் என்ன இருக்கிறது என்பதும் சுவையான விஷயம். அலுமினியத்துக்கு வைர டிப் அருமையாக வேலை செய்யும். அதே வைரத்தை வார்ப்பிரும்பு ஹெட்டில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். வைரம் என்பது கரி. சூடான இரும்பு கரியைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும் குணமுடையது. அதனால் இரும்புக்குக் கரியே இல்லாத கடினப் பொருள் வேண்டும். போரானையும் நைட்ரஜனையும் சேர்த்து 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் வெண்டார்ஃப் உருவாக்கிய கனசதுர போரான் நைட்ரைடு அந்த இடத்தை நிரப்புகிறது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது.

ஒற்றை டிப் கட்டர் சுற்றிச் சுற்றி வரும்போது முகத்தில் நுண்ணிய உழவுச்சால்கள் விழுகின்றன. சாலின் ஆழத்தைச் சொல்ல ஒரு சூத்திரம் உண்டு: ஒரு சுற்றுக்கு மேசை நகரும் தூரத்தின் வர்க்கத்தை, டிப் முனையின் ஆரத்தைப் போல எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். முனை ஆரம் 1 மி.மீ., நகர்வு 0.2 மி.மீ. என்றால் சால் 5 மைக்ரான். நகர்வைப் பாதியாக்கினால் சால் கால்வாசியாகி 1.25 மைக்ரானுக்கு இறங்கும். ஆனால் நேரம் இரட்டிப்பு. நிமிடத்துக்கு 1,000 சுற்றில், சுற்றுக்கு 0.1 மி.மீ. வீதம் 400 மி.மீ. ஹெட்டைக் கடந்து கட்டர் முழுதாக வெளியே வர ஆறரை நிமிடம். அவசரக்காரர் பட்டறையில் எது நடக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

முன்பு சொன்ன தினசரி ஊர்தலை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முகம் சொரசொரப்பாக இருந்தால் ஹெட் ஒவ்வொரு நாளும் அரம் போலக் கேஸ்கட்டை ராவும். பழைய நார்க் கேஸ்கட்டுகள் சொரசொரப்பைப் பொறுத்துக்கொண்டன. இப்போது வரும் பல அடுக்கு எஃகுக் கேஸ்கட்டுகளின் மேல் இருப்பது மிக மெல்லிய ரப்பர் பூச்சு. அதற்கு வழவழப்பான முகம் வேண்டும். எமரி ஷீட்டைக் கண்ணாடிமேல் ஒட்டி ஹெட்டைக் கையால் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். வழவழப்பு வரும், சமம் வராது. கை ஆடும், ஓரங்கள்தான் முதலில் தேயும். போதாததற்கு எமரித் துகள் ஆயில் வழிகளில் போய் உட்கார்ந்துகொண்டு பின்னால் பேரிங்கைத் தின்னும். எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை: செய்யக் கூடாது.

வெட்டிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. மாருதி சிலிண்டருக்கே வருவோம். கொள்ளளவு 265 கன சென்டிமீட்டர். அழுத்த விகிதம் 9 என்று கொண்டால், ஹெட்டில் அரை மி.மீ. எடுக்கும்போது அது அதிகபட்சம் 9.5 வரை ஏறக்கூடும். இன்ஜின் 'டக்டக்' என்று தட்ட ஆரம்பிக்கலாம். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஹெட்டின் மேலே இருக்கும் இன்ஜினில், ஹெட் இறங்கினால் கேமும் இறங்கும். பெல்ட் ஓடும் புல்லியின் ஆரம் 50 மி.மீ. என்றால், அரை மி.மீ. இறக்கத்துக்கு வால்வு திறக்கும் நேரம் கிராங்க் கணக்கில் ஒரு டிகிரிக்கு மேல் பின்தங்கும். டீசலில் இன்னும் ஆபத்து. ஹெட்டின் முகத்துக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி மிகக் குறைவு. முகத்தை வெட்டிவிட்டு வால்வு சீட்டை ஹெட்டுக்குள் ஆழமாக்காமல் விட்டால் பிஸ்டன் வால்வை முத்தமிடும்.

மில்லிங்கால் தீராத கோணலும் உண்டு. ஹெட் முழுவதும் வில்லாக வளைந்திருந்தால் மேலே கேம்ஷாஃப்ட் படுக்கும் வரிசையும் சேர்ந்தே வளைந்திருக்கும். அடிமுகத்தை மட்டும் சீவினால் கேம் இறுகிச் சுற்றும், சில சமயம் உடையும். அப்படிப்பட்ட ஹெட்டைத் தடித்த எஃகுத் தகட்டில் வைத்து, ஓரங்களுக்கு அடியில் தகடு செருகி, நடுவைப் போல்ட்டால் கீழே இழுத்து, உலையில் 200 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிடுவார்கள். சூட்டில் வளைந்தது சூட்டிலேயே நிமிரும். அதன்பிறகு வெட்ட வேண்டியது மிகக் கொஞ்சம்தான். என் ஹெட்டில் கேம் கையால் சுற்றியது; அந்த வைத்தியம் தேவைப்படவில்லை.

பெரியவர் இரண்டு பாஸ் ஓட்டினார். நேர்கோலை வைத்தார், நடுவிலும் இதழ் நுழையவில்லை. "பாயிண்ட் ரெண்டு எம்.எம். எடுத்திருக்குதுங்க. இன்னொருக்கா இப்படி ஓட்டிப்போட்டு வந்தீங்கன்னா எடுக்கறதுக்கு இதுல மிச்சமில்லைங்க" என்றார்.

பில்லில் அந்த எண் இல்லை. நான்தான் கேட்டு எழுதி வாங்கினேன். ஹெட்டின் குறைந்தபட்ச உயரத்தை ஒவ்வொரு கம்பெனியும் கையேட்டில் கொடுத்திருக்கிறது. ஏற்கெனவே எவ்வளவு போயிற்று என்பது தெரியாமல் அடுத்த பட்டறைக்காரர் கட்டரை இறக்கக் கூடாது. உங்கள் வண்டிக்கும் இந்த வேலை வந்தால், எவ்வளவு எடுத்தார்கள் என்று கேளுங்கள். தேதியோடு எழுதி ஆர்.சி. புத்தக உறையிலேயே போட்டு வையுங்கள்.