கடல் காத்த தொண்டர்

சுன்னாகச் சந்தைக்கு வருவோர் வாழைக்குலையின் விலையை அறிவர். வடக்கே சில கல் தொலைவில், காங்கேசன்துறைக்கு அப்பால் விரியும் கடலை யார் காத்தனர் என்பதை அறிந்தோர் சிலரே. கடலில்லா ஊருக்கு இக்கதை எதற்கென வாசகர் நகைக்கலாம். நாம் உண்ட பர்மா அரிசி கடல்வழியே வந்ததன்றோ?

1937ஆம் ஆண்டில் இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை உருவாயிற்று. 1939இல் போர் மூண்டதும் தொண்டர்கள் முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டனர். முதலிற் கிடைத்தவை போர்க்கப்பல்களல்ல. கொழும்புத் துறைமுகத்தின் ‘சாம்சன்’, ‘கோலியாத்’ என்னும் இழுவைப் படகுகளே! பின்னர் மீன்பிடிக் கப்பல்களும் திமிங்கில வேட்டைக் கப்பல்களும் கண்ணிவாரிகளாக மாற்றப்பட்டு இவர்களிடம் வந்தன.

கண்ணிவெடி கடலடியிற் கட்டுண்டு நீருள்ளே மிதப்பது. கப்பலின் பின்னே இழுபடும் கம்பி அதன் கட்டை அறுக்கும். மேலெழுந்த வெடியைத் துப்பாக்கியாற் சுட்டழிப்பர். கம்பி தொடுமுன் கப்பலின் அடி தொட்டுவிட்டால்? அவ்வினாவைச் சுமந்தே, நேற்றுவரை வேறு தொழில் பார்த்தவர்கள் துறைமுக வாயிலைத் துழாவினர்.

1943இல் இப்படை பிரித்தானிய அரச கடற்படையின் சேமப்படையாயிற்று. அவ்வாண்டு சரணடைந்த ‘எரித்திரேயா’ என்னும் இத்தாலியக் கப்பலைப் பொறுப்பேற்றுத் துறை சேர்த்தவர்களும் இவர்களே. 1950 டிசம்பர் 9இல் அரச இலங்கைக் கடற்படை பிறந்தபோது, அதன் கருவாய் நின்றவர்களும் இவர்களே.

கரையோரக் காவலுக்கெனத் தனித் திணைக்களம் அமைக்கச் சட்டம் வந்ததோ 2009இல். சாம்சனும் கோலியாத்தும் காவலுக்குப் புறப்பட்டு அப்போது எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.